மிசினுக்கு ஒரிஜினல், காலுக்கு ரப்பர் செருப்பு

ஏலே பேராண்டி, அந்தப் பெட்டியைக் கீழ வச்சிட்டு இங்கன நிழலுக்கு வா. விடிஞ்சதுலயிருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன். பிரிக்கிற, மூடுற, போன்ல போட்டோ புடிக்கிற, மறுபடியும் பிரிக்கிற. உள்ள இருக்கிறது ஒரு செயின். மரம் அறுக்கிற மிசினுக்குப் போடுற செயின். கழுத்துல போடுற செயினைக்கூட நீ இம்புட்டு நேரம் பாத்திருக்க மாட்ட.

என்ன விசேஷம்னு கேட்டா, "ஒரிஜினல் தாத்தா"ங்குற. சரி. ஒரிஜினல்னா என்னடான்னு கேட்டா, "கம்பெனியே போட்டது"ங்குற. எந்தக் கம்பெனி? மிசின் மேல பேரு எழுதுன கம்பெனியா, செயினைச் செஞ்ச கம்பெனியா? அங்கனதான் உனக்கு வாயடைச்சுப் போச்சு.

உங்க பெரியப்பன் மகன் ஒருத்தன் இருக்கானே, அவன் உனக்கு நேர் எதிர். "எல்லாம் ஒரே சைனா மால்தான் தாத்தா, பேருக்குத்தான் காசு"ம்பான். கால் வெலைக்குக் கெடைக்கிற சாமானா வாங்கி மாட்டிட்டு, வாரம் தவறாம மிசினைச் சாக்குல பரப்பிப் போட்டு உக்காந்திருக்கான். காக்காசுக்குக் குதிரையும் வேணுமாம், அது காத்தாப் பறக்கவும் வேணுமாம். நீ பெட்டியைக் கும்பிடுற. அவன் வெலைச்சீட்டைக் கும்பிடுறான். மிசினைத் தெறந்து பாக்கத்தான் ரெண்டு பேருக்கும் நேரமில்லை.

மொதல்ல இந்தக் கம்பெனி சமாச்சாரத்தைத் தெரிஞ்சுக்க. ஸ்டில் ஒசத்தியா, ஹஸ்க்வர்னா ஒசத்தியான்னு நீயும் உன் சேக்காளிகளும் டீக்கடையில மல்லுக்கட்டுறீங்களே, ஹஸ்க்வர்னாக்காரன் தொழில் ஆரம்பிச்சது 1689-ல. எதுக்கு? சுவீடன் ராசாவோட பட்டாளத்துக்குத் துப்பாக்கி செய்ய. அவன் மொத மரமறுக்கிற மிசினைச் செஞ்சது 1959-ல. 270 வருசம் ஆச்சு, அவனுக்கு மரத்து மேல கண்ணு போக. ஸ்டில்காரன் 1926-ல ஜெர்மனியில தொடங்குனவன். ரெண்டு பேரும் கெட்டிக்காரனுகதான். ஆனா மிசின் பூராத்தையும் அவனுகளே வார்த்துக் கடைஞ்சு செய்யுறானுகன்னு நீ நெனச்சா, உன்னை என்ன சொல்ல?

பிளக்கைக் கழத்திப் பாரு. என்ஜிகேன்னோ பாஷ்னோ எழுதியிருக்கும். மிசின் கம்பெனி பெட்டிக்குள்ள போட்டு வித்தா ஒரு வெலை, பிளக் கம்பெனி பெட்டியில வந்தா வேற வெலை. உள்ள இருக்கிற பிளக்குக்கு எந்தப் பெட்டியில வந்தோம்னு தெரியுமா? கார்பரேட்டரை உத்துப் பாரு. வால்ப்ரோன்னோ ஜாமான்னோ குத்தியிருக்கும். ஜாமாவைப் பொறவு 2008-ல ஸ்டில்காரனே வெலைக்கு வாங்கிப்புட்டான். பத்திரம் பதிஞ்ச அன்னைக்கு ராத்திரியே அந்தக் கார்பரேட்டர் புண்ணியம் அடைஞ்சு ஒரிஜினல் ஆயிருச்சாக்கும்!

செயின் கதை இன்னும் பெரிய சேதி. ஸ்டில்காரன் சுவிட்சர்லாந்துல பட்டறை வச்சுத் தன் செயினைத் தானே செஞ்சுக்கிறான். மத்த பல கம்பெனிக்கு ஓரிகன்காரன் செஞ்சு குடுக்குறான். யாரு அந்த ஓரிகன்? அமெரிக்காவுல ஓரிகன் சீமையில ஜோசப் காக்ஸ்னு ஒரு மரம் வெட்டி. 1946-ல காட்டுக்குள்ள ஒரு வெட்டுன அடிக்கட்டையில ஒரு வண்டுப்புழு மரத்தைத் தின்னுறதைப் பாத்திருக்கான். அது நாரோட்டத்துல போனாலும் சரி, குறுக்க போனாலும் சரி, தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி ஒரே சீராக் கரம்பிக்கிட்டுப் போயிருக்கு. அதைப் பாத்துட்டு வந்து, எடப்பல்லு ஒண்ணு வலப்பல்லு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வச்சு, ஒரு செயின் செஞ்சான். மறு வருசமே வீட்டு நெலவறையில தொழிலைத் தொடங்கிட்டான். அதுக்கு முந்தி இருந்த செயினெல்லாம் வெறும் ரம்பப்பல்லு, கீறிக் கீறித்தான் அறுக்கும். இன்னைக்கு ஒலகம் பூரா ஓடுற செயினோட பல்லு அந்தப் புழு போட்ட பிச்சை. அதுக்கு யாரும் காப்புரிமைக் காசு குடுத்ததா தெரியலை.

ஆக, ஓரிகன்காரன் தன் பேருல வித்தா அது வெளிச் சாமான். அவன் செஞ்சதையே மிசின் கம்பெனி தன் பேரைக் குத்தி வித்தா ஒரிஜினல். பேரு மாறுனா இரும்பும் மாறிருமா?

உடனே உன் பெரியப்பன் மகன் பக்கம் சாஞ்சிராத. அவன் இன்னும் பெரிய கூமுட்டை. அவன் "டூப்ளிகேட்டு, டூப்ளிகேட்டு"ன்னு ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு ஆளைப் போட்டுக் குழப்புறான். தன் பேரைத் தைரியமாப் போட்டு விக்கிறவன் ஒருத்தன். இத்தாலியில மீட்டியார் பிஸ்டன் செய்யுறான், கேபர் ரிங் செய்யுறான். அவனுக எவன் பேரையும் திருடலை. நாளைக்குச் சாமான் போச்சுன்னா கெடப்போறது அவன் பேரு. அதனால கொஞ்சம் பயந்துதான் செய்வான். அடுத்தவன் பேரைத் தன் டப்பாவுல அடிச்சு விக்கிறவன் இன்னொருத்தன். அவனுக்கு என்ன பயம்? கெட்டாலும் கெடப்போறது அடுத்தவன் பேருதானே. இவனைத் திருடன்னு சொல்லு. மொத ஆளை எதுக்குச் சேத்து வையுற?

திருடனைக் கண்டுபுடிக்கிறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லை. செயின் சுத்துற நீளத் தகடு, அதான் பார், அதோட பள்ளத்துக்குள்ள ஓடுற அடிக்கண்ணி இருக்கு பாரு, நல்ல செயின்ல அதுல ஒரு நம்பர் தெளிவாக் குத்தியிருக்கும். திருட்டு மால்ல அது மொட்டையா இருக்கும், இல்ல தேஞ்சு தெரியும். அட்டையில இங்கிலீசு எழுத்து ஒண்ணு கூடக் கொறைய இருக்கும். பெரிய கம்பெனிப் பேரு, ஆனா வெலை மூணுல ஒரு பங்கு. கம்பெனிக்காரன் உனக்கு மட்டும் தாய்மாமனா, பொண்ணு குடுக்கப் போறானா, அந்த வெலைக்குத் தர?

சரி, எதைத்தான் வாங்கணும்ங்குற. என்கிட்ட இருக்கிறது ஒரே கேள்வி. கடைக்காரன்கிட்ட கேக்காத, உன்கிட்டயே கேட்டுக்க: இந்தச் சாமான் திடீர்னு போச்சுன்னா, கூட எது போகும்? அது மட்டும் போயி மிசின் நின்னுருமா? இல்ல மிசினையும் இழுத்துக்கிட்டுப் போகுமா? இல்ல உன் காலையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போகுமா?

ஸ்டார்ட்டர் கயிறு அந்துச்சுன்னா என்ன போகும்? கொஞ்ச நேரம் போகும். நல்ல நைலான் கயிறா, அதே தடிமனா, எவன்கிட்ட வேணும்னாலும் வாங்கு. மூடித் திருகு, நட்டு, பெட்ரோல் டேங்குக்குள்ள கெடக்குற பில்டரு, இதுக்கெல்லாம் கம்பெனி பேரு பாத்து, டவுனுக்கு ரெண்டு பஸ்சு மாறிப் போயி வாங்கிட்டு வந்தா, சுண்டைக்காய் காப்பணம், சுமைகூலி முக்காப்பணம். பிளக்குக்குப் பொறி குடுக்குற காயில் கொஞ்சம் யோசிக்கிற சாமான். மட்டமான காயில் குளிர்ந்திருந்தா நல்லாத்தான் ஓடும். சூடேறுனதும் நின்னுரும். ஆறவிட்டா மறுபடி ஓடும். வீட்டு வாசல்ல விறகு அறுக்குறவனுக்கு அது ஒரு டீ குடிக்கிற நேரம். சாத்தூர் பக்கம் கண்மாய்க்குள்ள சீமைக்கருவேலை வெட்ட இறங்கி, மேட்டுல லாரி நின்னு, கூலியாளு பூரா உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கிறப்ப அது எம்புட்டுக் காசுன்னு கணக்குப் போட்டுக்க. சாமான் ஒண்ணுதான். நிக்கிற எடத்தைப் பொறுத்து வெலை மாறுது.

கார்பரேட்டர்ல வந்து மாட்டிக்கிறவன்தான் நெறைய. மிசின் மக்கர் பண்ணுச்சா, உடனே புதுசு. ஒருத்தன் ஒரிஜினலுக்கு ஆயிரக்கணக்குல எறைக்கிறான், இன்னொருத்தன் நெட்டுல எரநூறுக்கும் முந்நூறுக்கும் எதையோ வாங்குறான். பழசுக்கு என்ன வந்துச்சுன்னு பாத்தானுகளா? நாலு திருகைக் கழத்து. உள்ள மெல்லிசா ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். வெரலால அமுக்குனா தொய்வா இருக்கணும். மொறமொறன்னு நின்னுச்சுன்னா செத்துப்போச்சு. இன்னொரு பக்கம் நகக்கண்ணு அளவுக்கு ஒரு வலை. தூசி அடைச்சிருக்கும். சவ்வும் பேக்கிங்கும் சேந்த கிட்டு சல்லிசா வருது, அதை மாத்து. நல்ல ஒடம்புக்காரனைப் பல்வலிக்காகச் சுடுகாட்டுக்குத் தூக்குறீங்களேடா!

இப்ப பெட்ரோல்லயே 20 சதவீதம் எத்தனாலு. அது தண்ணியை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். வேலை முடிஞ்சு ஒரு மாசம் மூலையில போடப்போறியா? டேங்கைக் காலி பண்ணிட்டு, தானா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டு வை. இதுக்கு ஒரிஜினலும் வேண்டாம், டூப்ளிகேட்டும் வேண்டாம்.

போர் கிட்டுக்கு, அதான் சிலிண்டரும் பிஸ்டனும் சேந்த செட்டுக்கு வருவோம். இது மிசினையே இழுத்துக்கிட்டுப் போற சாமான். சிலிண்டர் உள்பக்கம் வெறும் அலுமினியம் இல்லை. நல்லதுல நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு இருக்கும். வெலை கொறைஞ்சதுல குரோம் பூச்சு. குரோம் பூசுனதெல்லாம் மோசம்னு சொல்லலை, நல்லாப் பூசுனா அதுவும் நாள்பட ஓடும். மட்டமாப் பூசுனா செதில் செதிலா உரியும். உரிஞ்சது எங்க போகும்? பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுலதான்.

வெளிச் சாமான் வாங்குனியா, மாட்டுறதுக்கு முந்தி உள்ள வெரலை விடு. காத்து வர, புகை போக, சன்னல் சன்னலா ஓட்டை இருக்கும். அந்த விளிம்பை நகத்தால தடவு. வழவழன்னு நழுவிப் போச்சுன்னா சரி. நகத்தைப் புடிச்சுச்சுன்னா, நிமிசத்துக்குப் பத்தாயிரம் சுத்துக்கு மேல ஓடுறப்ப ரிங்கைப் புடிக்காதா? வேட்டித் தலைப்பு கருவேல முள்ளுல மாட்டுன கணக்கா மாட்டும். வேட்டி கிழியும், அம்புட்டுதான். இங்க ரிங்கு ஒடிஞ்சு, பிஸ்டன் கீறி, மிசின் சட்டியாகும். பூச்சைச் சுரண்டாம அந்த விளிம்பை மட்டும் பைய, பொடி உப்புத்தாளு வச்சு மழுக்கிட்டு மாட்டத் தெரிஞ்சவன் வெளிச் சாமானை வாங்கலாம். தெரியாதவன் ஒரிஜினலையே வாங்கட்டும், தெரியாத்தனத்துக்கு அதுதான் அபராதம். கிட்டோட வருமே, பிஸ்டன் ஊசியைப் புடிக்கிற சின்ன வளையம் ரெண்டு, அதை மட்டும் எடுத்துத் தூர எறிஞ்சிட்டு கம்பெனிது வாங்கிப் போடு. அது கழண்டா உள்ள சுத்திச் சுத்திக் கொத்தும்.

இம்புட்டும் சொல்லிட்டு ஒண்ணு கேக்குறேன். பழைய பிஸ்டன் எதுக்குச் செத்துச்சு? அதைக் கேட்டியா? கேக்க மாட்ட. செத்தவனைத் தூக்கிட்டுப் புதுசா ஒருத்தனை அதே கட்டில்ல படுக்கப் போடுவ. கிராங்க் சீல் கிழிஞ்சு காத்து இழுக்குதா? கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் வெடிச்சிருக்கா? கண்ணளவுல ஆயில் கலந்தியா? ஒண்ணுக்கு அம்பதுன்னா ஒரு லிட்டருக்கு 20 மில்லி. அதுவும் எந்த ஆயிலுக்கு எந்த அளவுன்னு மிசின் பொஸ்தகத்துலயே எழுதியிருக்கான். பல சைனா மிசினுக்கு 25-க்கு ஒண்ணு கேக்கான். உங்க பெரியப்பன் மகன் எல்லாத்துக்கும் ஒரே பாட்டில் மூடியில அளக்குறான். பிளக்கு வெள்ளை வெளேர்னு இருந்துச்சுன்னா உள்ள வறண்டு வேகுதுன்னு அர்த்தம். நல்ல டீ நெறத்துல இருக்கணும். காரணத்தைக் கண்டுபுடிக்காம மாட்டுனா, ஜெர்மனியிலயிருந்து பிளேன்ல வந்த ஒரிஜினல் பிஸ்டனும் அன்னைக்குச் சாயங்காலமே வரி விழுந்து வந்து நிக்கும். அப்ப கடைக்காரனைப் போயி அடிக்கிறதா?

செயினுக்கு வா. உன் பெட்டிக்கு.

நல்ல செயின் நல்ல செயின்தான், அதுல நான் வழக்கு வைக்கலை. பல்லு மேல கெட்டிக் குரோம் இருக்கும், சீக்கிரம் தொய்யாது, அரம் போட்டா எல்லாப் பல்லும் ஒரே சீராப் புடிக்கும். மட்டமானதுல ஒரு பல்லு வெண்ணெயா வழியும், அடுத்த பல்லுல அரம் வழுக்கிக்கிட்டுப் போகும். அரம் புடிச்ச கைக்கு அது மூணாவது பல்லுலயே தெரிஞ்சுரும். ஆனா எந்த அரம்னு உனக்குத் தெரியுமா? சின்ன மிசின்ல வர்ற மெல்லிசான காலே அரைக்கால்... இரு, உனக்கு அந்தக் கணக்கு வராது. எட்டுல மூணு இஞ்சு சன்ன ரகச் செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம். பாயிண்ட் முந்நூத்தி இருபத்தஞ்சுக்கு 4.8. முழு எட்டுல மூணுக்கு 5.2. எல்லாத்துக்கும் ஒரே அரத்தைப் போட்டு இழுத்துட்டு, "செயின் சரியில்லை தாத்தா"ன்னு வந்து நிக்குற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

சீமைக்கருவேலை சும்மாவே கெட்டி மரம். அதுல தூர்ப்பக்கம் பூரா மண்ணும் மணலும் அப்பியிருக்கும். 2017-ல ஹைகோர்ட்டு மதுரைக் கிளை அதை வெட்டி ஒழிங்கன்னு உத்தரவு போட்டப்ப, எங்க பக்கம் ஊருக்கு ஊரு புது மிசினு இறங்குச்சு. எல்லாம் தூரோட ஒட்டித் தரையைத் தொட்டு அறுத்தானுக. மணல்ல ஒரு உரசு உரசுனா போதும், ஒரிஜினல் பல்லும் மழுங்கும், ஓசிப் பல்லும் மழுங்கும். மண்ணுக்குப் பேரு படிக்கத் தெரியாது. செயினு நல்லாருக்கான்னு தெரியணுமா, மிசினைப் பாக்காத. கீழ விழுற தூளைப் பாரு. செதில் செதிலா விழுந்தா அறுக்குது. மாவு மாவா விழுந்தா தேய்க்குது. தேய்க்கிற செயினை அமுக்கி அமுக்கி அறுத்துத்தான் பாரை நீலம் பாய வைக்கிறீங்க, கிளச்சைக் கருக்குறீங்க, பொறவு "அப்கிரேடு" பண்ணப் போறீங்க.

கஜா புயல் அடிச்சுச்சே, 2018 நவம்பர்ல. பேராவூரணிப் பக்கம் நாங்களும் மிசினைத் தூக்கிக்கிட்டுப் போயிருந்தோம். படுத்துக் கெடந்த தென்னையைப் பாக்கச் சகிக்கலை, அந்தப் பேச்சு இப்ப வேண்டாம். அங்கன புதுப் பெட்டியோட வந்து எறங்குனவன் எத்தனை பேரு! பெட்டி இருந்துச்சு, அரம் இல்லை. தென்னை நாரு மத்த மரத்துத் தூளு கணக்கா உதிராது. இழைஇழையாப் பிரிஞ்சு ஸ்ப்ராக்கெட்டு மூடிக்குள்ள போயி உக்காந்து, கயிறு திரிச்சு வச்சிரும். மூடியைக் கழத்துனா ஒரு கைப்பிடி நாரு, ஆயில்ல ஊறிக் கெட்டியா. பாருக்கு ஆயில் வர்ற ஓட்டை குண்டூசி அளவு. அதுல நாரு அடைச்சா, ஆயில் டேங்கு ரொம்பியிருக்கும், பாரு வறண்டு வேகும். அங்க ஒருத்தன் ஒரே நாள்ல ரெண்டு பாரு மாத்துனான். ரெண்டும் ஒசந்த கம்பெனி. ஒரு ஈர்க்குச்சியை எடுத்து அந்த ஓட்டையை நோண்டியிருந்தா மொத பாரே போதும். தென்னந்தோப்புல ஈர்க்குச்சிக்கா பஞ்சம்?

ஆயில்னதும் ஞாபகம் வருது. உன் புது ஒரிஜினல் பாருக்கு என்ன ஆயில் ஊத்துற? டிராக்டர்ல வடிச்ச கருப்பு ஆயிலு! இரும்புத் தூளு மெதக்குற ஆயிலை ஊத்திட்டு, பெட்டியில மட்டும் சுவிட்சர்லாந்து வேணுமாக்கும்.

இனி காலு போற சாமான். இதுல நான் வெளையாட மாட்டேன். முன்னாடி கைப்பிடிக்குப் பக்கத்துல தட்டி ஒண்ணு நிக்குமே, அது செயின் பிரேக்கு. பாரு நுனியோட மேல்பாதி மரத்துல பட்டுச்சுன்னா மிசின் துள்ளி உன் மூஞ்சிக்கு வரும். அந்தத் தட்டி உன் மணிக்கட்டுல பட்டதும் செயின் நிக்கணும். அதுக்குள்ள ஒரு இரும்புப் பட்டை இருக்கு, ஸ்பிரிங்கு இருக்கு. அதுல சோதனை பண்ணிப் பாக்கலாம்னு மட்ட ரகத்தை மாட்டுனா, சோதனை முடிவை நீ படிக்க முடியாது. செயின் அந்தா புடிக்கிற கொக்கி, ஆக்சிலேட்டரை அசந்து மறந்து அமுக்க விடாத பூட்டு, இந்த மூணையும் கம்பெனிகிட்டயே வாங்கு. பேரம் பேசாத. கைப்பிடிக்கும் மிசினுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் தூணும் அப்பிடித்தான். அது போனாலும் மிசின் ஓடும், அதனால எவனும் மாத்துறதில்லை. அதிர்வு பூரா கைக்கு ஏறும். காலம்போன காலத்துல வெரலு வெளுத்து மரத்துப் போயி, சட்டைப் பொத்தான் போட ஆள் தேடுவ.

ஆனா நீ இதை எங்க வாங்குற? பிரேக்கு இடைஞ்சலா இருக்குன்னு தட்டியைக் கழத்தி வீட்டுப் பரண்ல வச்சிருக்க. அந்தக் காசுல "அப்கிரேடு" நடக்குது. 45 சிசி மிசினுக்கு 22 இஞ்சு பாரு. பதினாறு, மிஞ்சிப்போனா பதினெட்டு போடுன்னு செஞ்சவன் எழுதி வச்சிருக்கான். உனக்கு நீளமா இருந்தாத்தான் கல்யாண ஊர்வலத்துக்கு எடுப்பா இருக்கும். அம்புட்டு நீளத்துக்கு ஆயிலும் போயிச் சேராது, இழுக்கத் தெம்பும் இருக்காது. அப்பொறம் சைலன்சரைத் துளை போடுறது. சத்தம் கூடிரும், அதுல சந்தேகமே இல்லை. சத்தம் அறுக்குமா? துளை போட்டவன் கார்பரேட்டரைத் திருப்பிச் சரி பண்ணலைன்னா உள்ள வறண்டு வெந்து பிஸ்டன் ஒட்டிக்கும். சைலன்சருக்குள்ள பொறி தடுக்குற சின்ன வலை இருக்கும், அதையும் புடுங்கி எறிஞ்சிட்டு, சித்திரை வெயில்ல காஞ்ச கோரைக்குள்ள போயி நிக்கிறான். கரிமூட்டம் போடத்தான் எங்களுக்கு ஆளு இருக்கே, நீ வேற எதுக்கு?

பெரிய போரு போட்டா வேகம் கூடுமாமே தாத்தாங்குற. கூடும். அரம் போட்ட செயினு அதைவிடக் கூடும். ஒண்ணுக்கு ஆயிரக்கணக்குல ஆகும், ஒண்ணுக்கு ஒரு வெத்தலை போடுற நேரம் ஆகும். எதை வீடியோ எடுத்துப் போட்டா நாலு பேரு பாப்பான்னு எனக்கும் தெரியும்டா.

எந்திரி, ஒன் காலைக் காட்டு. கீழ ரப்பர் செருப்பு. மேல மடிச்சுக் கட்டுன கைலி. காதுக்கு என்ன? பாட்டுக் கேக்குற வயரு. கண்ணுக்கு? கல்யாணத்துக்குப் போட்ட கருப்புக் கண்ணாடி. செயினுக்கு ஒரிஜினல், பிளக்குக்கு ஒரிஜினல், பெட்ரோல் மூடிக்கு ஒரிஜினல். கம்பெனி கடையில எங்கயும் கெடைக்காத ஒரிஜினலு அந்த ரெண்டு காலுதான். அதுக்கு ஒரு பூட்ஸ் வாங்கச் சொன்னா "வேக்கும் தாத்தா"ங்குற.

ஒரு வழி சொல்றேன், உன் பெரியப்பன் மகன்கிட்டச் சொல்லிராத. ஒரிஜினலும் வேணும், வெலையும் கொறையணும்னா, செத்த மிசினைத் தேடு. எண்ணெய் கலக்காம ஓட்டி, பிஸ்டன் ஒட்டி, பழைய இரும்புக் கடைக்குப் போன மிசினு எத்தனையோ. அதுல பிஸ்டன்தான் செத்திருக்கும். கைப்பிடி, பிரேக்குத் தட்டி, காயில், டேங்கு, ஸ்டார்ட்டர் எல்லாம் கம்பெனி மேனிக்கு அப்பிடியே இருக்கும். எடைக்குப் போட்டிருப்பான். உன் மிசின் அதே மாடலாங்குறதை மட்டும் பாத்துக்க. பிரேக்குப் பட்டை தேஞ்சிருக்கா, ரப்பர் வெடிச்சிருக்கான்னு பாக்காம எடுக்காத, அது ரெண்டும் பழசு ஆகாது.

வர்ற ஞாயித்துக்கிழமை அருப்புக்கோட்டையில ஒரு கடையில ரெண்டு மிசின் கெடக்குதாம், போறேன். கூட வா. அந்தப் போனை வீட்லயே வச்சிட்டு வா... வேண்டாம், வேண்டாம், கொண்டா. காயில்ல குத்தியிருக்கிற நம்பரு எனக்கு இப்பல்லாம் தெரிய மாட்டேங்குது, அதுல போட்டோ புடிச்சுப் பெருசாக்கிப் பாக்கலாம்ல? பையில 4.8 அரம் ஒண்ணும், திருகு கழத்துற டார்க்ஸ் சாவியும் எடுத்துப் போடு. பெட்டியை உங்க ஆத்தாகிட்டக் குடுத்துரு, வத்தல் காயப்போட எடம் தேடிக்கிட்டு இருந்தா.